எழுதியவர் பாதி, வெட்டியவர் மீதி

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று கோழிக்கிறுக்கல்காரர்களைத் தேற்றுவது நம் வழக்கம். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஜப்பானின் தலைநகராக இருந்த ஹெயான்க்யோவில், அதாவது இன்றைய கியோட்டோவில், இந்த ஆறுதல் எடுபட்டிருக்காது. அங்கே கையெழுத்தேதான் தலையெழுத்து. அது கோணினால் கல்யாணம் கோணும், பதவி கோணும், பேரும் கெடும்.

794-இல் தொடங்கிச் சுமார் 400 வருடம் அந்த ஊரில் வாழ்ந்த பிரபு வம்சத்துக்கு வேலை ரொம்பக் குறைவு. விளைச்சல் வெளியூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கிவிடும். அடிதடிக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மிச்சம் மூன்றுதான்: சடங்கு, பதவி உயர்வு வரவில்லையே என்ற புலம்பல், காதல். மூன்றுக்கும் கவிதை வேண்டும். ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று மொத்தம் 31 அசை. வாக்கா என்று பெயர். இடம் சின்னது, மாட்டிக்கொள்ள வாய்ப்பு பெரியது.

காதல் விவகாரத்தில்தான் உண்மையான பரீட்சை. பெரிய வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். முகம் பார்ப்பது கடைசிக் கட்டம். சில சமயம் அதற்கும் பிறகு. முதலில் போவது கடிதம். காகிதம் என்ன நிறம், எப்படி மடித்திருக்கிறது, என்ன வாசனை, எந்தக் கிளையில் கட்டியிருக்கிறது என்று அவள் மட்டுமல்ல, அவளுடைய தோழிகள், தாதி, தாதியின் தங்கை எல்லோரும் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். இரவு தங்கிவிட்டுப் போனவன் விடிந்ததும் ஒரு கவிதை அனுப்பியாக வேண்டும். அது தாமதமானால் அந்த வீட்டில் அன்றைக்கு இழவு விழுந்த அமைதி.

இந்தக் கொடுமைக்கு அந்தக் காலத்து எழுத்தாளர் முராசாகி ஷிகிபு தன் நாவலில் நல்ல சாட்சி வைத்திருக்கிறார். நாயகன் பெயர் கெஞ்சி. தமிழில் அதற்கு என்ன பொருளோ அதைத்தான் அந்தப் பிள்ளை பாதி நாவல் செய்துகொண்டிருக்கிறது. நொடித்துப்போன இளவரசர் வீட்டுப் பெண் ஒருத்தியை முகம் தெரியாமலேயே துரத்துகிறான். அவளிடமிருந்து பதில் வருகிறது. பழசாகி வெளுத்துப்போன ஊதாக் காகிதம். எழுத்து அழுத்தமாக, அந்தக் காலத்துப் பாணியில் இருக்கிறது. வரிகள் எல்லாம் மேலேயும் கீழேயும் அச்சடித்த மாதிரி சமமாக முடிகின்றன. கெஞ்சி ஏமாற்றத்தோடு அதைக் கீழே போடுகிறான். பிறகு ஒரு பனி விழுந்த காலையில் அவளுடைய நீண்டு தொங்கும் சிவந்த மூக்கைப் பார்த்துத் திடுக்கிடுவதெல்லாம் உபரித் தகவல். வரிகள் நேராக வந்தபோதே ஜாதகம் கிழிந்துவிட்டது.

வரி நேராக இருப்பது என்ன குற்றம் என்று கேட்கலாம். இந்தக் கலையின் உயிரே வரிகளைக் கலைத்துப் போடுவதுதான். ஒரு வரி உச்சியில் தொடங்கும், அடுத்தது பாதியில், மூன்றாவது ஓரமாகச் சாய்ந்து இறங்கும், நான்காவது எங்கோ மூலையில் தனியாக நிற்கும். சொல்லின் நடுவிலேயே வரி உடையும். தூரிகையை மையில் ஒருமுறை தோய்த்தால் அது காய்கிறவரை எழுத்துகளைக் கொடியாக இணைத்துக்கொண்டே போக வேண்டும். முதலில் கருப்பாகத் திமிறும் மை கடைசியில் மூச்சுப்போல் மெலியும். நடுவில் விட்ட வெற்றிடத்துக்குத்தான் ரசிகர்கள் உருகுவார்கள். எந்த வரியை எந்த வரிக்குப் பின் படிப்பது என்பது படிக்கிறவரின் பாடு. சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது, ககரமா மெலிந்த ககரமா என்று காட்டும் புள்ளி கிடையாது. ஒரே ஒலிக்கு நாலைந்து வடிவ எழுத்துகள் வேறு. அந்தந்த இடத்துக்கு எது அழகோ அது. 1900-இல் பள்ளிக்கூட விதி ஒன்று வந்து, ஒலிக்கு ஒரு வடிவம் போதும் என்று மற்றதையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியது. விளைவு, இன்றைய ஜப்பானியரில் பெரும்பாலோருக்கு இந்தக் காகிதங்களை வாசிக்கத் தெரியாது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நம்மைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நம்மைப் போலவே அச்சிட்ட அட்டைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் கொடி எழுத்துக்குக் கானா என்று பெயர். சீன எழுத்தை ஒலிக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வேகமாக எழுதி எழுதித் தேய்த்த மிச்சம் அது. அரசாங்கக் காகிதங்களில் ஆண்கள் சீன எழுத்தையே எழுதினார்கள், ஏனென்றால் அதுதான் கௌரவம். கானாவுக்குப் ‘பெண் கை’ என்று பேர் வைத்துத் தள்ளி வைத்தார்கள். காதல் கடிதம் எழுதும்போது மட்டும் எல்லா ஆண்களும் கூச்சமில்லாமல் அந்தக் கையைக் கடன் வாங்கினார்கள். 905 வாக்கில் டாய்கோ பேரரசர் ஆணையிட்டு, ஆயிரத்து நூறு சொச்சம் வாக்காக்கள் 20 புத்தகங்களாகத் தொகுக்கப்பட்டன. அதுதான் கோக்கின்ஷூ. தொகுத்தவர்களில் முதன்மையானவர் கி நோ ட்சுராயுகி. இதே மனிதர் தோசா மாகாணத்தில் ஆளுநர் வேலை முடிந்து கப்பலில் ஊர் திரும்பியபோது, 935 வாக்கில், கானாவில் ஒரு பயணக் குறிப்பு எழுதினார். தன்னைப் பெண்ணாகப் பாவித்துக்கொண்டுதான் தொடங்குகிறார். தலை நரைத்த மாஜி ஆளுநருக்குத் தன் தாய்மொழியில் அழுவதற்குப் புடவை கட்ட வேண்டியிருந்தது.

கோக்கின்ஷூ வந்தபின் அது வெறும் கவிதைத் தொகுப்பாக இல்லை, தகுதித் தேர்வாகிவிட்டது. சேய் ஷோனாகோன் அம்மையார் தம் தலையணைக் குறிப்புகளில் ஒரு கதை சொல்கிறார். ஃபுஜிவாரா மொரோதாதா என்ற அமைச்சர் தம் மகளுக்கு இட்ட கட்டளை மூன்று: முதலில் கையெழுத்து, பிறகு கோத்தோ வாத்தியம், அதன்பின் கோக்கின்ஷூ இருபது புத்தகமும் மனப்பாடம். பெண் முராகாமி பேரரசரின் அந்தப்புரத்துக்குப் போனாள். பேரரசர் இந்தப் பாடத்திட்டத்தைக் கேள்விப்பட்டிருந்தார். வெளியே போகக் கூடாத தீட்டு நாள் ஒன்றில், பொழுதுபோகாமல், நடுவில் ஒரு திரையை இழுத்துவிட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். இந்த மாதம், இந்தச் சமயத்தில், இன்னார் எழுதியது எது? தப்பை எண்ணுவதற்கு கோ விளையாட்டின் காய்களோடு தோழிகள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காய்கூட நகரவில்லை. பத்துப் புத்தகம் முடிந்ததும் பேரரசர் அலுத்துப்போய்த் தூங்கப் போனார். விழித்ததும் மறுபடி ஆரம்பித்தார்: நாளைக்கு விட்டால் அவள் தன் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிடுவாளாம். விளக்கேற்றி, இரவு வெகுநேரம் வரை மிச்சப் பத்தும் நடந்தது. இதற்குள் சேதி அப்பாவுக்குப் போய்விட்டது. மனிதர் பதறி, கோயில்களில் சூத்திரம் ஓத ஏற்பாடு செய்து, அரண்மனை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். பெண் ஜெயித்தாள். தூக்கம் போனதில் பேரரசருக்கும் கல்வி வந்திருக்கும்.

கையெழுத்து மேதைகளின் கதைகளும் இந்த ரகம்தான். ஃபுஜிவாரா யுகினாரி, அந்தக் காலத்தின் முதல்தரக் கை. சுமார் 36 வருடம் முன்பே இறந்துபோன ஓனோ நோ மிச்சிகாஸே 1003-இல் கனவில் வந்து எழுத்து சொல்லிக்கொடுத்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். செத்தும் டியூஷன் எடுத்த வாத்தியார் வேறு யாரும் எனக்குத் தெரியாது. பாவம், யுகினாரி இறந்ததும் கவனிப்பாரில்லாமல் போயிற்று: நாட்டையே கையில் வைத்திருந்த ஃபுஜிவாரா மிச்சிநாகாவும் அதே நாளில் கண்ணை மூடினார்.

இனி காகிதத்துக்கு வருவோம், ஏனென்றால் பணம் அங்கேதான் போயிற்று. சோங் சீனத்திலிருந்து வந்த அலங்காரக் காகிதத்தைப் பார்த்து மயங்கி, பிறகு உள்ளூரிலேயே செய்யக் கற்றார்கள். மரக்கட்டையில் செதுக்கிய கொடியையும் பூவையும் காக்காப்பொன் பொடியில் அச்சிடுவார்கள். நேரே பார்த்தால் தெரியாது, சாய்த்தால் மின்னும். நீர்ப்பரப்பில் மையை மிதக்கவிட்டு அலைகளைக் காகிதத்தில் ஒற்றி எடுப்பார்கள். நீலமும் ஊதாவுமான நார்க்கூழை ஓரங்களில் விட்டு மேகம் செய்வார்கள். தங்கத் தகட்டைச் சதுரமாக நறுக்கி, மயிரிழையாகக் கிழித்து, மணலாகப் பொடித்துத் தூவுவார்கள். பக்கத்திலேயே அரசாங்கக் காகிதப் பட்டறை பழைய கோப்புகளை ஊறவைத்து மறுபடி காகிதம் செய்துகொண்டிருந்தது. மை போகாததால் அது சாம்பல் நிறத்தில் வந்தது. அரசாணைக்குச் சாம்பல், காதலுக்குத் தங்கம். நிர்வாகத்தின் முன்னுரிமைகள் தெளிவாகவே இருந்தன.

இதன் உச்சம் 1112 வாக்கில். ஷிராகாவா என்ற ஓய்வுபெற்ற பேரரசர். சிம்மாசனத்தை விட்டு இறங்கிய பிறகு 40 வருடத்துக்கு மேல் ஆண்டவர். காமோ நதியின் வெள்ளம், தாயக்கட்டை, மலைக்கோயில் துறவிகள் ஆகிய மூன்றும்தான் தம் பேச்சைக் கேட்பதில்லை என்று குறைப்பட்டவராம். கோயில் விழா மூன்று முறை மழையால் தள்ளிப்போனபோது, மழையை ஒரு பாத்திரத்தில் பிடித்து ஜெயிலில் போட்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. இப்படிப்பட்டவரின் அறுபதாம் ஆண்டுக்கு என்ன பரிசு கொடுப்பது? 36 மகாகவிகளின் பாடல்களை அந்தக் காலத்தின் சிறந்த கைகள் சுமார் இருபது பேரை வைத்து எழுதவைத்தார்கள் என்பது அறிஞர்கள் கணிப்பு.

அதில் ஒரு தாளை நிதானமாகப் பார்த்தால்தான் அந்தக் கிறுக்கின் ஆழம் புரியும். ஒரு தாள் என்கிறோமே, அது ஒரே தாள் அல்ல. இளஞ்சிவப்பு, நீலம், பழுப்பு, வெள்ளை என்று பல காகிதங்களைக் கையால் கிழித்து, கிழிந்த ஓரத்தின் வெள்ளை நார் தெரியும்படி ஒட்டியிருக்கிறார்கள். அந்த நார் விளிம்பு மலைச்சரிவு போலவும் ஆற்றங்கரை போலவும் வளைகிறது. அதன்மேல் வெள்ளியில் நகக்கண் அளவு பறவைகள், புல், பைன் கொப்பு. வெள்ளி இப்போது கறுத்துவிட்டது. அதனால் பறவைகள் துக்கத்துக்குப் போகிறவை போலத் தெரிகின்றன. இத்தனையும் முடிந்த பிறகுதான் எழுதுபவர் வருகிறார். தூரிகை ஒட்டுகளைப் பொருட்படுத்தாமல் மலை ஏறி ஆறு தாண்டிப் போகிறது. படிக்கிறவனுக்கு எது எழுத்து, எது புல் என்று தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கவிதை எல்லோருக்கும்தான் மனப்பாடமாயிற்றே.

இதுவரை எல்லாம் சௌக்கியம். வினை தேநீர் வடிவில் வந்தது.

தேநீர்ச் சடங்கு அறையில் ஒரு சுவர்மாடம் உண்டு. அதில் ஸென் துறவிகளின் சீன எழுத்தைத் தொங்கவிடுவது மரபு. 1555-இல் தாகேனோ ஜோ-ஓ என்ற தேநீர் ஆசான் அந்த இடத்தில் வாக்கா ஒன்றைத் தொங்கவிட்டார். எழுதிய கை ஃபுஜிவாரா தெய்க்காவுடையது என்று பெயர். தெய்க்கா மகா கவி, மகா தொகுப்பாளர், மகா மோசமான கையெழுத்துக்காரர். தம் எழுத்து பேய் போல இருப்பதாக அவரே நாட்குறிப்பில் நொந்துகொண்டிருக்கிறார். ஜோ-ஓ தொங்கவிட்ட நாளிலிருந்து அந்தப் பேய் எழுத்தின் விலை மளமளவென்று ஏறியது. கோபோரி என்ஷூ போன்ற பிரபு-ஆசான்கள் மெனக்கெட்டு அதே கோணலைப் பழகினார்கள். கையெழுத்தில் கோட்டை விட்டவருக்குக் காலம் இப்படியும் ஒரு நீதி வழங்குகிறது.

ஆனால் சுவரில் ஒரு தாளைத்தான் தொங்கவிடலாம், புத்தகத்தைத் தொங்கவிட முடியாது. எனவே கத்தி வந்தது. சுருளைத் துண்டித்தார்கள், புத்தகத்தின் தையலைப் பிரித்தார்கள். கெட்டித் தாளில் இரு பக்கமும் எழுதியிருந்தால் வாழைப்பட்டை உரிப்பது போல முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக உரித்தார்கள். ஒரு பொருள் இரண்டாயிற்று, விலையும்தான். கோக்கின்ஷூவின் மிகப் பழைய பிரதி 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று கைகள் எழுதியது. அதன் துண்டொன்றைப் படைத்தலைவர் தோயோதோமி ஹிதேயோஷி கோயா மலைத் துறவி ஒருவருக்குக் கொடுத்ததால் முழுப் பிரதிக்கும் ‘கோயா துண்டு’ என்றே பேர் நிலைத்துவிட்டது. கவிஞர் பேரும் இல்லை, எழுதியவர் பேரும் இல்லை. துண்டு கடைசியாகக் கிடந்த விலாசம்தான் பேர்.

துண்டு கையில் இருந்தால் யார் எழுதியது என்று ஒரு பேர் வேண்டுமே? அதற்கும் ஒரு தொழில் பிறந்தது. முதல் ஆள் கோஹிட்சு ரியோசா, 1572 முதல் 1662 வரை வாழ்ந்தவர். குடும்பப் பெயரே ‘பழைய எழுத்து’. துண்டைப் பார்ப்பார், ஒரு சிறிய சீட்டில் பேரை எழுதுவார், முத்திரை குத்துவார். பரம்பரை பரம்பரையாக நடந்த தொழில். பேர் எப்போதும் பெரிய பேராகத்தான் இருக்கும். யாரோ ஒரு குமாஸ்தா எழுதியது என்று சீட்டு கொடுத்தால் எந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார்? மேற்படி கோயா துண்டை எழுதியது ட்சுராயுகி என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அவர் இறந்து சுமார் நூறு வருடம் கழித்து எழுதப்பட்டது என்பது சின்னச் சிக்கல். ட்சுராயுகியின் அசல் கை இன்று எங்கும் இல்லை. 1235-இல் தெய்க்கா அவருடைய பயணக் குறிப்பின் மூலத்தைக் கண்டுபிடித்து நகலெடுத்து, கடைசிப் பகுதியை மட்டும் மூலத்தின் எழுத்து மாதிரியே வரைந்து வைத்தார். பிறகு மூலம் தொலைந்தது. ஆக, கானாவின் பிதாமகர் எப்படி எழுதினார் என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி, பேய்க் கையெழுத்துக்காரர் போட்ட நகல்.

இப்படிச் சேர்ந்த துண்டுகளை ஆல்பமாக ஒட்டி, பெரிய இடத்துப் பெண்களுக்குச் சீராகவும் கொடுத்தார்கள். மூதாதையர் கையெழுத்தால் பெண் பிடித்த சாதி, இப்போது அதே கையெழுத்தை நறுக்கிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது.

நடுவில் ஹோனாமி கோயெட்சு என்ற ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். 1558-இல் வாள் தீட்டி மதிப்பிடும் குடும்பத்தில் பிறந்தவர். தவராயா சோதாட்சு தங்கத்திலும் வெள்ளியிலும் கொக்குகள் பறக்கும் 13 மீட்டருக்கு மேல் நீளமான சுருள் ஒன்றை வரைந்தார். அதன்மேல் 36 கவிகளின் பாடல்களை எழுத கோயெட்சு உட்கார்ந்தார். முதல் கவி ககினோமோதோ ஹிதோமாரோ; ஜப்பானியக் கவிதைக்கே குலதெய்வம். அந்தப் பேரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டார். வேறு தாள் எடுக்க முடியுமா? கொக்கெல்லாம் ஏற்கெனவே பறந்துவிட்டது. பக்கத்தில் பொடியாக அந்த எழுத்தைச் செருகிவிட்டுத் தொடர்ந்தார். கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சுருளில் இன்றும் பார்க்கலாம். கூச்சப்படுகிற ஆளில்லை அவர். நாட்டின் சிறந்த மூன்று கைகள் யார் என்று கோனோயே நோபுதாதா பிரபு கேட்டாராம். ‘இரண்டாவது தாங்கள், மூன்றாவது ஷோகாதோ’ என்றாராம் கோயெட்சு. முதலாவது? ‘அடியேன்தான்.’ சோதாட்சு-கோயெட்சு ஜோடியின் மான் சுருளும் கத்திக்குத் தப்பவில்லை. பின்பாதி அமெரிக்காவில், சியாட்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, முன்பாதி துண்டுகளாகிப் பல கைகளுக்குப் போனது.

இருபதாம் நூற்றாண்டிலாவது கத்தியை உறையில் போட்டார்களா என்றால், அதுதான் இல்லை. மிட்சுயி வணிக நிறுவனத்தை நிறுவிய மசுதா தகாஷி தேநீர்ப் பித்தர். 36 கவிகளின் உருவமும் பாடலும் கொண்ட சதாகே சுருள்கள் 1917-இல் 3,53,000 யென்னுக்குக் கைமாறின. பிறகு கப்பல் முதலாளி யாமாமோதோ தாதாசாபுரோவிடம் வந்தன. அவர் கொரியாவுக்குப் புலி வேட்டைக்குப் போய்வந்து டோக்கியோவில் புலிக்கறி விருந்து வைத்தவர். முதல் உலகப் போர் முடிந்து கப்பல் வியாபாரம் படுத்ததும் புலி முதலாளிக்கும் பணமுடை வந்தது. முழுதாக வாங்க யாரிடமும் காசில்லை. 1919 டிசம்பர் 20 அன்று மசுதாவின் வீட்டில் பணக்காரர்கள் கூடி, சுருளை 37 துண்டாக்கி, மூங்கில் குழலில் சீட்டுக் குலுக்கினார்கள். எல்லோர் கண்ணும் 40,000 யென் மதிப்புப் போட்ட இளவரசிக் கவிஞர் மேல். விருந்து வைத்த மசுதாவுக்கு விழுந்தது மொட்டைத் தலைச் சாமியார். முகம் கறுத்துப்போனது. இளவரசி விழுந்த பழம்பொருள் வியாபாரி, நிலைமையைப் புரிந்துகொண்டு மாற்றிக்கொண்டாராம். பழம்பொருள் வியாபாரத்தில் நீடிக்க வேண்டுமே.

இப்போது ஷிராகாவாவின் பிறந்தநாள் பரிசுக்கு என்ன ஆயிற்று? அது அரச குடும்பத்திடமே நானூறு வருடத்துக்கு மேல் இருந்தது. பிறகு வந்த கோ-நாரா பேரரசருக்கு முடிசூட்டு விழா நடத்தப் பணமில்லாமல் பத்து வருடம் தள்ளிப்போனது; தம் கையெழுத்தை விற்றுச் செலவைச் சமாளித்தவர் அவர். 1549-இல் அந்தப் புத்தகங்களை, பணமும் படையும் கொழித்த ஹொங்கான்ஜி மடத்தின் தலைவருக்குக் கொடுத்தார். மடம் அப்போது ஒசாகாவில் இஷியாமா என்ற இடத்தில். படைத்தலைவர் ஓடா நோபுநாகா பத்து வருடம் முற்றுகையிட்டு, 1580-இல் மடம் எரிந்தது. புத்தகங்கள் தப்பின. பிறகு கியோட்டோவில் நிஷி ஹொங்கான்ஜியின் கிடங்கில் யாரும் சீண்டாமல் தூங்கி, 1896-இல் கண்டெடுக்கப்பட்டன.

தீ, போர், மறதி மூன்றையும் தாண்டி வந்த அந்தத் தொகுதியை 1929-இல் நல்லெண்ணம் பிடித்துக்கொண்டது. தகாகுசு ஜுன்ஜிரோ என்ற பௌத்த அறிஞர் தொடங்கிய பெண்கள் கல்வி நிலையத்துக்கு நிதி வேண்டியிருந்தது. மடம் இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொடுத்தது. ஒன்று ட்சுராயுகியின் பாடல்களில் பின்பாதி, மற்றொன்று ஈசே என்ற பெண் கவிஞருடையது. தாள் தாளாகப் பிரித்து விற்றார்கள். அதற்கும் மசுதாதான் முன்னால் நின்றார். ‘இஷியாமா துண்டு’ என்று பேர் வைத்தவரும் அவரே. பெண் வேஷம் கட்டிய ஆளுநரும் ஒரு நிஜப் பெண்ணும் சேர்ந்து, ஆண்கள் ஒருகாலத்தில் ஏளனமாகப் ‘பெண் கை’ என்ற எழுத்தில், பெண்கள் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தார்கள்.

என்னைக் கேட்டால், வெட்டியது அநியாயம்தான். ஆனால் டோக்கியோ முதல் வாஷிங்டன் வரை ஜனங்கள் மூக்கை ஒட்டிப் பார்ப்பது அந்த வெட்டுப்பட்ட இரண்டின் தாள்களைத்தான். முழுசாகத் தப்பிய மற்ற புத்தகங்கள் தேசியப் பொக்கிஷம் என்ற பட்டத்தோடு மடத்தில் பத்திரமாக இருக்கின்றன, எப்போதாவது வெளியே வரும். அந்தக் கல்வி நிலையம் வளர்ந்து இன்று முசாஷினோ பல்கலைக்கழகம். 2004 முதல் அங்கே பையன்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.